ஸ்கேன் நாற்காலிக்கு எதிரே நின்ற முகம்

காது ஸ்கேன் அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனா பிடித்ததைவிட ஸ்ட்ரெச்சர் பிடித்ததுதான் அதிகம். எந்த எழுத்துப் போடுவது என்று சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். படிக்க முடியாத வரியை ஸ்கேன் மேடத்திடம் காட்டுங்கள். அவருக்கு என் எழுத்து பழக்கம்.

மேடம்தான் இதை எழுதச் சொன்னவர். இடுப்பு வலியால் நான் வேலையை விட்டு வந்தபோதே சொன்னார். “மிஷினை நான் கத்துக்குடுத்துக்குவேன். நாற்காலில உக்கார்றவங்களப் பத்தி நீங்க எழுதிக் குடுங்க” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு இத்தனை நாள் எழுதவில்லை. காரணம் ஒன்றுதான். அந்த நாற்காலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னோடு வேலை பார்த்த பாயைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பாயைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது நீங்கள் தினமும் அவரோடு நிற்கிறீர்கள். அவர் சிரிப்பதையும் நோயாளிகள் அவரைச் சுற்றி நிற்பதையும் பார்க்கிறீர்கள். உங்களில் யாருக்காவது வயிறு எரிந்தால், அது எனக்கு ரொம்ப நாள் எரிந்த அடுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் நம் ஆஸ்பத்திரிக்கு அந்த மிஷின் வந்தபோது இந்த வட்டாரத்துக்கே அது புதுசு. படுக்கவைத்து வளையத்துக்குள் தள்ளுகிற பெரிய ஸ்கேன் மாதிரி கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கிண்ணத்தில் பதித்து, நெற்றியில் பட்டை கட்டிவிட்டால், இரும்புக் கை ஒன்று தலையைச் சுற்றி ஒரு சுற்று வரும். அவ்வளவுதான். ஆனால் காதுக்குள் இருக்கும் எலும்பு அரிசி நொய் அளவு. தலை கொஞ்சம் அசைந்தாலும் ஒரு எலும்பு இரண்டாகத் தெரியும். கதிர் பாய்ச்சி எடுக்கும் படம் என்பதால் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஆகவே உட்கார்ந்தவரை ஆடாமல் வைப்பதுதான் நம் வேலை.

ஆரம்பத்தில் அதை நான் ஒருவனாகப் பார்த்தேன். ரோலிங் மில்லிலும் பிரஸ் ஷாப்பிலும் வேலை செய்து காது மந்தமானவர்கள், சிறுவயதிலிருந்தே காதில் சீழ் வடிகிறவர்கள், பைக்கிலிருந்து விழுந்து காதோர எலும்பு விரிசல் விட்டவர்கள், எல்லோரையும் நான்தான் உட்காரவைத்தேன். எனக்குப் பேச வராது. பட்டையை இறுக்குவேன். “அசையாதீங்க” என்பேன். வெளியே வந்துவிடுவேன். நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். படம் பெரும்பாலும் நன்றாகவே வந்தது.

அப்புறம் பாய் வந்தார். பழவேற்காட்டில் அவர் குடும்பத்துக்கு வளையல், கம்மல் விற்கும் ஃபேன்ஸி கடை இருந்தது. கடை அண்ணன் கைக்குப் போனதும் இவர் இங்கே வேலைக்கு வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். வேலைக்கும் எனக்குப் பின்னால் வந்தவர். அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவர் வந்த புதிதில் மாதர்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். சொந்த நிலத்தில் நெல் போடும் குடும்பம். காதுப் பக்கம் உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், அதனால் கம்மலைக் கழற்ற வேண்டும்.

“கழட்டுங்கம்மா” என்றேன்.

“மாட்டேன்.”

“கழட்டணும்மா.”

“கண்ணாலத்துக்குப் போட்டது. அவரு உசுரோட வெளில குந்திக்கினு கீறாரு. நான் எதுக்கு மூளிக் காதோட கெடக்கணும்?”

நான் மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பாய் ஸ்டோருக்குப் போய்ப் புதுத் துடைப்பம் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு ஈர்க்கை உருவி, சிறிதாக இரண்டு துண்டு ஒடித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்.

“யாரும்மா உன்ன மூளிக் காதா இருக்கச் சொன்னது? கம்மலுக்குப் பதிலா இத்த சொருவிக்கோ. ஊட்ல கம்மல் திருகு தேஞ்சா இன்னா பண்ணுவ?”

“ஈர்க்கு வெப்பேன்.”

“அதான். இதுவும் ஊடுன்னு நெனச்சுக்கோ. கம்மல உன் ஊட்டுக்காரர் கையில குடு. படம் எடுத்து முடிச்சதும் அவரே வந்து போடட்டும். திரும்ப ஒரு தபா கண்ணாலம் ஆன மாதிரி இருக்கும்.”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். ஈர்க்கு படத்தில் கோடு போடாது. காரியம் முடிந்தது.

அன்று ரயிலில், அப்போது நான் குடியிருந்த கவரைப்பேட்டைக்குத் திரும்பும்போதும் அந்த ஈர்க்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் சம்சாரமும் கம்மல் ஆசாரியிடம் போகும் நாட்களில் ஈர்க்குச் செருகிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பாள். நான் காலம் முழுக்கப் பார்த்த சங்கதி. அது எனக்கு ஏன் தோன்றவில்லை? நேற்று வந்த ஆளுக்கு ஏன் தோன்றியது?

அதிலிருந்து எல்லாமே என் கண்ணில் பட்டது. வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் “அந்த பாய் இல்லியா?” என்று கேட்டார்கள். நான் கூப்பிட்டால், “பரவால்ல, அவரு வரட்டும்” என்று உட்கார்ந்துகொண்டார்கள். மீன்காரர் ஒருவர் பாய்க்கு நண்டு கொண்டுவந்து கொடுத்தார். பாய் அதில் பாதியை என் பையில் வைத்தார். நண்டு நன்றாக இருந்தது. அதைத் தின்றுகொண்டே அவரைத் திட்டினேன்.

அவரைப் போலப் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள் பேசிப் பழகினேன். எதிரே இருந்தவர் நான் மந்திரம் சொல்வதாக நினைத்துக் காலை மடக்கிக்கொண்டார். மறுநாள் ஒரு பெரியவரை உட்காரவைத்துவிட்டு, பாய் கேட்பது போலவே, “நாஷ்டா ஆச்சா?” என்றேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஆச்சுப்பா, நாலு இட்லி. வெறும் வயித்தோட வரணுமா? நேத்தே சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் பட்டினியா இருந்திருப்பேனே. இன்னாய்யா இது பேஜாரு?”

அவரைச் சமாதானம் செய்து திரும்ப உட்காரவைக்க பாய்தான் வர வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்த முக்கியமான நாள் இனிமேல்தான் வருகிறது.

ஒரு வெல்டர். ஆரம்பாக்கத்துக்காரர். இங்கே ஒரு ஃபேக்டரியில் வேலை. டேங்குக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்து வெல்டிங் வைத்தபோது பொறி ஒன்று காதுக்குள் விழுந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பொறி செவிப்பறையைத் துளைத்து உள்ளே போய் இரும்பு உருண்டையாகத் தங்கிவிட்டது. மாதக்கணக்கில் சீழ். அப்புறம் தலைசுற்றல். இரண்டு நாளைக்கு முன் காலையில் எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்திருக்கிறது. முகம் ஒருபக்கம் இழுத்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியவில்லை.

சென்னையிலிருந்து வரும் காது டாக்டர் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் எங்கள் எதிரிலேயே வெல்டரின் மனைவிக்கு விளக்கினார்.

“மூஞ்சிக்குப் போற நரம்பு இந்தக் காது எலும்புக்குள்ள ஒரு சின்னக் குழாய்ல ஓடுதும்மா. அந்த உருண்டை அது மேல உக்காந்திருக்கான்னு பாக்கணும். அப்படி இருந்தா இன்னைக்கே தொறந்து எடுத்துடலாம். படம் தெளிவா இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன். நரம்பையே வெட்டிடுவேன்.”

“காந்தத்துல எடுப்பாங்களாமே, அந்த ஸ்கேனு?”

“உள்ள இரும்பு இருக்கு. காந்தம் இழுத்தா போச்சு. இங்க எடுக்கறதுதான்.”

“எடுக்க முடியலன்னா?”

“சென்னைக்கு அனுப்பணும். அங்க வரிசைல இருக்கணும். நரம்பு அதுவரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது.”

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். மூடாத கண்ணோடு இருப்பவனிடம் எந்த ஃபேக்டரியில் வெல்டிங் ராடைக் கொடுப்பார்கள்? 

அன்று பாய் வார்டில் இருந்தார். நான்தான் வெல்டரை நாற்காலிக்குக் கொண்டுவந்தேன். இன்றைக்கு இது என் வேலை என்று எனக்குள் ஒரு வீராப்பு இருந்தது. தாடையைக் கிண்ணத்தில் வைத்து நெற்றிப் பட்டையை இழுத்ததும் அவருக்குத் தலை சுற்றியது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “வுழறேன், வுழறேன்” என்றார்.

“யோவ், சேர்லதான்யா குந்தினுகீற. எங்க வுழுவ?” என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே அவளும் நாற்காலியைப் பிடித்தாள்.

மேடம் கண்ணாடி ஜன்னலுக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார். “பாயைக் கூப்பிடுங்க” என்றார்.

என்னிடமே சொன்னார். நானே போய்க் கூப்பிட்டு வந்தேன்.

பாய் வந்தார். தோளைத் தட்டினார். “இன்னா நைனா, ராட்டினம் மாதிரி சுத்துதா?” என்றார். வெல்டர் பாதி முகத்தால் சிரித்தார். நான் இறுக்கிய பட்டையை பாய் ஒரு துளை தளர்த்திவிட்டார். அதுகூட எனக்கு ஊசி குத்தியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தலைசுற்றல் அடங்கியது. எல்லோரும் வெளியே வந்து கதவை மூடினோம். மேடம் பொத்தானை அழுத்தினார். இரும்புக் கை நகர ஆரம்பித்தது.

அப்போது பாய் மைக்கில் குனிந்து, எப்போதும் சொல்வதுபோல அன்பாக, “அப்படியே இரு தம்பி, பாதி முடிஞ்சுது” என்றார்.

வெல்டர் தலையைத் திருப்பினார்.

வேறொன்றுமில்லை. அவருக்கு ஒரு காதுதான் கேட்கும். ஒரு காது கேட்காதவரிடம் பேசிப் பாருங்கள், அவர் நல்ல காதை உங்கள் பக்கம் திருப்புவார். அது அவர் கையில் இல்லை. பட்டை தளர்வாக இருந்ததால் திரும்ப இடமும் இருந்தது. ஆடாமல் இருக்கச் சொன்ன குரலே ஆளை ஆட்டிவிட்டது.

படம் வந்தது. எல்லாம் இரட்டை இரட்டையாக இருந்தது. மேடம் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

எனக்கு என்ன தோன்றியது என்று எழுதாவிட்டால் இதை எழுதியே பயனில்லை. என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பாயும் தவறுவார். மேடம் முன்னாலேயே தவறினார். நான் அந்த இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றபோது, வெல்டரின் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து, “வந்துடுச்சாண்ணா படம்?” என்று கேட்டாள்.  இனிப்பு அதோடு போய்விட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். “இன்னும் ஒரு தடவை எடுங்க. அதுக்கு மேல வேணாம். அதுவும் இப்படித்தான்னா சென்னைக்கு வண்டி சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடத்துக்குப் பதற்றம். “சீக்கிரம், சீக்கிரம், ஆபரேஷன் தியேட்டர் காத்திருக்கு” என்றார். நானாக இருந்தால் பட்டையைத் தலை வலிக்க இறுக்கிக் கட்டி உடனே எடுத்திருப்பேன். பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வெல்டருக்கு எதிரே உட்கார்ந்தார். மேடம் பல்லைக் கடித்தார்.

“தப்பு எங்களுதுதான் தம்பி. நீ ஒண்ணும் பண்ணல. நான் வாய வச்சுக்கினு சும்மா இல்ல.” அப்புறம் கேட்டார்: “வெல்டிங் வைக்கறப்போ உன் தலை ஆடுமா?”

“ஆடினா ஜாயின்ட் பூடும்.”

“எத்த பாத்துக்கினு இருப்ப?”

“ராடு முனையத்தான்.”

“கருப்புக் கண்ணாடிய எறக்கினா ராடு தெரியுமா?”

“பத்த வைக்கற வரிக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரே இருட்டு. ஆனா முனை எங்க கீதுன்னு தெரியும். அப்படியே புடிச்சுக்கினு இருக்கணும்.”

“ஆங், அதான் வேணும்” என்றார் பாய். எழுந்து ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, நீ வா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இவனுக்கு நேரா நில்லு.”

“நான் எதுக்கு? நீங்களே நில்லுங்க.”

“என் மூஞ்சி சும்மா கெடக்காதுண்ணே. நான் புருவத்தத் தூக்குவேன், அவனும் தூக்குவான். நான் சிரிப்பேன், அவனும் சிரிப்பான். உன் மூஞ்சில ஒண்ணுமே தெரியாது.”

“ஆமா, சிமெண்ட்டு பூசின மாதிரிதான் கீறாரு” என்றாள் வெல்டரின் மனைவி. அந்த நேரத்திலும் மேடம் சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகியது.

பாய் வெல்டரிடம் சொன்னார். “அந்த அண்ணன் நெத்தில குங்குமப் பொட்டு கீதே, அதான் உன் ராடு முனை. அத்தயே பாரு. நடுவுல மிஷின் வந்து மறைக்கும். கருப்புக் கண்ணாடி எறங்கிச்சுன்னு வச்சுக்கோ. மறைஞ்சாலும் பொட்டு அங்கதான் இருக்கும். நாங்க யாரும் கூப்பிட மாட்டோம். வானமே இடிஞ்சு வுழுந்தாலும் எங்க கிட்டேர்ந்து சத்தம் வராது. இப்ப எச்சி முழுங்கிக்கோ.”

வெளியே வந்து மைக்கின் சுவிட்சை அணைத்தார்.  நான் கண்ணாடியோரம் நின்றேன். வெல்டரின் ஒரு கண் இமைத்தது, மற்றது இமைக்காமல் நீர் கோர்த்து நின்றது. இரண்டும் என் நெற்றியில் இருந்தன.

இரும்புக் கை நகர்ந்தது. எனக்கு மூக்கு அரித்தது. பின்னால் பாய் நிற்பது முதுகில் தெரிந்தது. இந்த யோசனையும் அவருடையது, இவனையும் அவர்தான் காப்பாற்றப் போகிறார், நான் வெறும் சுவர் என்று எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. இத்தனை மாதமாக அவர் முன்னால் நின்று நின்று அது எனக்குப் பழகிப்போயிருந்தது. மிஷின் நடுவில் வந்து வெல்டரின் முகத்தை மறைத்தது. விலகியபோது அந்தக் கண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மேடம் திரையைப் பார்த்து, “வந்துடுச்சு” என்றார்.

உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளைக் கோடு இருந்தது. இரும்பு என்றால் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் நரம்பு ஓடும் குழாய் நூல் பிடித்ததுபோல் தெரிந்தது. உருண்டை அதன் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் நின்றுகொண்டே பார்த்தார். “தியேட்டருக்குக் கொண்டுபோங்க” என்றார்.

மேடம் பாயின் கையைக் குலுக்கினார். பாய், “அண்ணன்தான் நின்னாரு” என்றார். பாராட்டை எடுத்துக் கொடுக்கவும் அவரால்தான் முடிந்தது. அதைக்கூட என்னால் சும்மா வாங்கிக்கொள்ள முடியவில்லை.

வெல்டருக்கு அந்தக் காது திரும்பக் கேட்கவில்லை. முகம் மெல்லத் திரும்பியது. கொஞ்ச மாதம் கழித்து வந்தார். பாயோடு பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார், சிரித்தார், தோளில் அடித்துக்கொண்டார். நான் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவர் எழுந்து என் எதிரே வந்து நின்றார். இரண்டு கண்களையும் இறுக்க மூடிக் காட்டினார். திறந்தார். திரும்ப பாயிடம் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கை சுற்றும்போது மைக்கைத் தொடாதீர்கள். உங்கள் எதிரில் இருப்பவர் காது கேட்காதவர், நீங்கள் அன்பாகக் கூப்பிட்டாலும் திரும்பிவிடுவார். சொல்ல வேண்டியதை எல்லாம் கதவை மூடும் முன்பே சொல்லிவிடுங்கள். மேடம் அவசரப்படுத்தினாலும், டாக்டர் அவசரப்படுத்தினாலும், கெட்டுப்போன படத்துக்கு அடுத்த படத்தை உடனே எடுக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவரிடம் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். ஆடாமல் இருக்க அவருக்கு ஏற்கெனவே ஒரு வழி தெரிந்திருக்கும்.

வேலையை விட்டு வந்த அன்று பாய் என்னை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ரயில் வரவில்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அன்னிக்கு என்னை நிக்கவைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?”

அவர் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் வந்த நாள்லேர்ந்து நீ என்னையே பாத்துக்கினு இருந்தியேண்ணே. நானும் உன்னப் பாத்தேன். உள்ள அவ்ளோ எரிச்சல வச்சுக்கினு மூஞ்சில ஒரு துளி காட்டாத ஆள நான் பாத்ததே இல்ல.”

ரயில் வந்தது. என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். பையில் நண்டு இருந்தது.

  எனக்குள் நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றே ஒன்றையும் அவர்தான் எனக்கு முன்னால் பார்த்து, அதற்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது. நீங்கள் அவரிடம் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் உங்களை எங்கே நிற்கச் சொல்கிறாரோ, அங்கே போய் நில்லுங்கள்.

திருநின்றவூர்,
2009 டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை.